பாதி ஆற்றுப் பயணம்

ஆற்றங்கரையில் இருந்த பழைய கப்பல் பட்டறையைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது என்று அரசு முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. பட்டறை முழுக்கப் பொதுமக்கள் இருந்தார்கள்.

காலையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பழைய தண்டவாளத்தை ஒட்டிக் கைவீசி நடந்தார்கள். கொட்டகை நிழலில் மீனவர்கள் வலையைச் சரிபார்த்தார்கள். ஓடாத கிரேனிலிருந்து சுவர் ஆணி வரைக்கும் கயிறு கட்டி அக்கம்பக்கத்து வீட்டுத் துணிகள் காய்ந்தன. மாலையில் காதலர்கள் வந்தார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு பெற்றோர்கள் வந்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஒருவர் வறுத்த கடலை விற்றார். கப்பல் கட்டி எவ்வளவோ காலம் ஆகியிருந்தாலும், தண்ணீருக்குள் இறங்கும் சரிவு மேடை மட்டும் கெட்டியாக இருந்தது. அதனால் ஆற்றில் ஓடும் எந்தப் படகுக்கு அடிவயிற்றில் கோளாறு வந்தாலும் இங்கேதான் இழுத்து ஏற்றி வைத்தியம் பார்த்தார்கள்.

இவர்களில் ஒருவர்கூட அனுமதி வாங்கியவர் இல்லை. அனுமதி வாங்காமல் பயன்படுத்துவதற்குப் பயன்பாடு என்று எந்த விதியிலும் பெயர் கிடையாது. ஆகவே பட்டறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் திட்டத்தின் முதல் கட்டமாகப் பொதுமக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டு, சுற்றிலும் மதில் எழுப்பப்பட்டு, கேட் பூட்டப்பட்டது. படகுப் பழுது பார்ப்பவர்கள் மட்டும் அறிவிப்பு வெளியாகும் வரை உள்ளே வந்துபோக விடப்பட்டார்கள்.

இந்தப் பணி மரபுக் காப்பு அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அலுவலகத்தில் அவருக்கு 'அப்படியே சார்' என்று பெயர். மின்விசிறி சுற்றவில்லை என்று சொன்னால் "அப்படியே இருக்கட்டும்" என்பார். நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது என்றாலும் அதே பதில்தான். வேறு துறையாக இருந்தால் இந்தக் குணத்துக்காகவே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இது மரபுக் காப்புத் துறை என்பதால் வரிசையாகப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள்.

பட்டறை பற்றிய அரசு அறிவிப்பை அவரே தன் கைப்பட எழுதினார். எழுதி முடித்ததும் வீட்டுக்கு வந்து மனைவியை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்.

"மேற்படி பட்டறையும், அதன் மதிலுக்கு உட்பட்ட யாவும், அதை ஒட்டிய ஆறும் நடு ஆறு வரை, இவ்வறிவிப்பு வெளியாகும் நாளில் உள்ளது உள்ளபடியே மரபுச் சொத்தாகக் கொள்ளப்படும். அவற்றை நீக்கவோ, மாற்றவோ, சீர்படுத்தவோ எவருக்கும் உரிமை இல்லை."

'உள்ளது உள்ளபடியே' என்ற இடத்தில் அவருக்குக் குரல் தழுதழுத்தது.

மனைவிக்கு ஒன்றும் தழுதழுக்கவில்லை. அந்த அம்மாள் அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. தினமும் காலையில் அக்கரைப் படகில் போய், மாலையில் அதே படகில் திரும்புகிறவர். பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி, நீளமான வாக்கியத்தைக் கண்டாலே கை சிவப்புப் பேனாவைத் தேடும்.

"நடு ஆறு வரைன்னு போட்டிருக்கீங்களே, மீதி ஆறு?"

"அது அக்கரை மாவட்டத்தோடது. நம்ம எல்லை பாதி வரைக்கும்தான்."

"அது தண்ணிக்குத் தெரியுமா?"

"தண்ணிக்கு நகல் அனுப்பணும்னு விதி இல்லை," என்றார் அவர். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார்.

அறிவிப்பு அடுத்த வாரம்தான் வெளியாவதாக இருந்தது. அதற்குள் துறைச் செயலாளருக்கு ஒரு சேதி வந்தது. பக்கத்துத் துறைக்காரர்கள் ஒரு குளத்தை மரபுச் சொத்தாக அறிவித்து முந்திக்கொள்ளப் போகிறார்களாம். குளத்துக்குப் பின்னால் கப்பல் பட்டறை போவதா? செயலாளருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. "இன்னைக்கே போட்டுடுங்க," என்றார். போட்டாயிற்று.

அன்று மதியமே நாலைந்து ஊழியர்கள் பித்தளை எண் வில்லைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மதிலுக்குள் இருந்த எல்லாவற்றிலும் எண் அடித்தார்கள். கிரேனுக்கு ஒன்று, கொட்டகைக்கு ஒன்று. கொடியில் மறந்துபோன ஒரு பனியனுக்கு ஒன்று. வர்ணம் அடிப்பதற்காகக் கரையேற்றியிருந்த மீன்பிடிப் படகுகளுக்கும் வரிசையாக ஒவ்வொன்று. கடைசியில் சரிவு மேடைக்கு வந்தார்கள். அங்கே அக்கரைப் படகு நின்றிருந்தது.

அதன் அடித்தகடு துருப்பிடித்துப்போய் மாற்றுவதற்காக அன்று காலைப் பயணம் முடிந்த கையோடு ஏற்றியிருந்தார்கள். வெல்டர் பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகட்டைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, டீ குடிக்கப் போயிருந்தார். ஊழியர்கள் படகுக்கு ஒரு எண் அடித்தார்கள். புதுத் தகட்டுக்கு ஒரு எண் அடித்தார்கள். வெல்டரின் சாப்பாட்டுத் தூக்குக்கும் அடித்தார்கள். படகின் வயிற்றில் கதவளவு இருந்த ஓட்டையும் மதிலுக்கு உட்பட்டதுதான். ஓட்டையில் ஆணி அடிக்க முடியாது என்பதால் நூலில் கோத்து நடுவில் தொங்கவிட்டார்கள்.

வெல்டர் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கேட் பூட்டியிருந்தது.

அன்று மாலை அப்படியே சாருக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, மத்தியானம் படகு ரெடியாயிடும்னாங்க. இன்னும் காணோம். நான் இங்க துறையில நிக்கறேன்."

"படகு பாதுகாப்பா இருக்கு. கவலைப்படாதே."

"படகைப் பத்தி யாரு கவலைப்பட்டா? நான் வீட்டுக்கு வரணும்."

அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. அக்கரைக்கும் இக்கரைக்கும் அந்த ஒரு படகுதான். பாலம் வெகுதொலைவில் இருந்தது. அதைச் சுற்றி வருவதற்குள் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். ஆத்திர அவசரத்துக்கு உதவும் சின்னப் படகுகள் அத்தனையும் வர்ணத்துக்காகக் காத்துக் கிடந்து இன்று மரபாகியிருந்தன.

"இன்னைக்கு ஒரு நாள் உன் தம்பி வீட்டுல தங்கிக்கோ," என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பட்டறைக்குப் போனார். கேட்டுக்கு வெளியே வெல்டர் காத்திருந்தார்.

"சார், தகட்டை வெச்சு ஒட்டினா ஒரு மணி நேர வேலை. இறக்கி விட்டுடலாம்."

"ஒட்ட முடியாதுப்பா."

"ஏன் சார்? கரண்ட் இல்லையா?"

"ஓட்டைக்கு எண் கொடுத்தாச்சு."

வெல்டர் கேட் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "ஓட்டைன்னா ஒண்ணும் இல்லாத இடம்தானே சார்? ஒண்ணும் இல்லாததுக்கு எப்படி எண் கொடுத்தீங்க?"

"உள்ளது உள்ளபடின்னா, இல்லாததும் இல்லாதபடியே இருக்கணும்," என்றார் அப்படியே சார். சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"போகட்டும் சார். என் சாப்பாட்டுத் தூக்கையாவது கொடுங்க. நேத்துச் சோறு உள்ள இருக்கு."

அதுவும் முடியவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தூக்கு பட்டறையின் மற்ற எல்லாப் பொருட்களையும்விடத் தன் இருப்பை உணர்த்த ஆரம்பித்தது. உணவுப் பொருள் பாதுகாப்பு நிபுணரை வரவழைக்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது.

அப்படியே சார் செயலாளரிடம் போனார். படகுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொண்டார்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாராளமா கொடுக்கலாம். படகு பட்டறையைச் சேர்ந்ததில்லைன்னு நிரூபிச்சாப் போதும்."

"அது ஆத்துல ஓடுற படகு சார். எல்லாருக்கும் தெரியும்."

"இப்ப ஓடுதா?"

"இல்லை சார். ஓட்டை இருக்கு."

"ஓட்டையை அடைச்சுட்டு ஓட்டிக் காட்டுங்க. ஓடினா, பட்டறையைச் சேர்ந்ததில்லைன்னு விலக்கு கொடுத்துடறேன்."

"ஓட்டையை அடைக்கணும்னாலே விலக்கு வேணுமே சார்."

"அதைத்தான் சொல்றேன். ஓடட்டும், உடனே தர்றேன்." செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அறிவிப்பு ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. எங்கேயும் ஒரு சந்து பொந்து இல்லை."

வாழ்நாளில் முதல்முறையாகப் பாராட்டு ஒன்று அப்படியே சாருக்குக் கசந்தது. வீட்டில் ஒற்றை ஆளாகச் சமைத்துச் சாப்பிட்டார். சாதம் குழைந்துபோனது. குழைந்த சாதத்தைத் தட்டில் பார்த்தபோது, தன் மனைவி இல்லாத வீடு எவ்வளவு பெரிய வீடு என்று அவருக்குத் தெரிந்தது. படகு ஓடாமல் அவள் வரப்போவதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வா என்று சொல்லிப் பார்த்தார். "உங்க ஆபீஸை விட்டுட்டு நீங்க வாங்களேன்," என்று பதில் வந்தது. இரண்டும் நடக்கிற காரியமாக அவருக்குப் படவில்லை.

இதற்கிடையில் பெருநகரத்திலிருந்து ஆலோசகர் வந்து சேர்ந்தார். இளம்பெண். நாம் இஸ்திரி போட்டுக் கசக்காமல் உடுத்துகிறோம். அவர் கசங்கிய துணியையே கூடுதல் விலை கொடுத்து வாங்கி உடுத்தியிருந்தார். பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"துரு போதாது சார்."

"போதாதா? இருக்கறதைப் பார்த்தே எஞ்சினியர் பயப்படறார், மேடம்."

"இது கெடுதலான துரு. அழிஞ்சுக்கிட்டே போகும். நமக்கு வேண்டியது நிலைச்சு நிக்கற துரு."

ஆகவே நிஜத் துருவைச் சுரண்டி எடுத்தார்கள். இரும்பைப் பளபளவென்று ஆக்கினார்கள். அதன்மேல் துரு தீட்டுவதில் தேர்ச்சி பெற்ற ஓர் ஓவியரை வரவழைத்து, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே துருத் தீட்டினார்கள். உணவகம் ஒன்றும் வந்தது. அதில் நாற்காலிக்குப் பதில் எண்ணெய்ப் பீப்பாய். காபியைப் பழைய நட்டு டப்பா மாதிரி செய்த கோப்பையில் கொடுத்தார்கள். சுற்றிலும் 'வெல்டிங் வேலை நடக்கிறது, கண்ணைப் பார்த்துக்கொள்ளவும்' என்ற பழைய எச்சரிக்கைப் பலகைகளை மாட்டினார்கள். வெல்டிங் வேலை மட்டும் நடக்கவில்லை.

வெல்டர் சும்மா இருக்கவில்லை. 'வாழும் காட்சி' என்ற பதவியில் அவரை நியமித்தார்கள். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எரியாத வெல்டிங் குழலைக் கையில் பிடித்தபடி படகுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். முன்பு வேலை செய்தபோது கிடைத்ததைவிட நின்றபோது கூடுதலாகக் கிடைத்தது. முதல் வாரம் முணுமுணுத்தார். இரண்டாம் வாரம் மீசையை முறுக்கிவிட ஆரம்பித்தார். பிறகு யாராவது போன் கேமராவைத் தூக்கினால், எந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக விழும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.

ஆலோசகர் கடைசியாக ஓட்டைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதைப் பார்த்தா என்ன தோணுது சார்?"

"தண்ணி உள்ள வரும்னு தோணுது, மேடம்."

"அதேதான்! ஆறு உள்ள வர ஆசைப்படுது. இத்தனை நாளா நாம அதைத் தடுத்து வெச்சிருக்கோம்." அவர் கையால் ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டார். "இதை மூடவே கூடாது. மூடினாலும், திரும்பத் திறக்கற மாதிரி மூடணும். எங்க கொள்கையே அதுதான். திரும்ப எடுக்கக்கூடிய மாற்றத்துக்குப் பேரு மாற்றமே இல்லை."

அப்படியே சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொன்னீங்க? திரும்ப எடுக்க முடிஞ்சா மாற்றம் இல்லையா?"

அன்றே வெல்டரைத் தனியாகக் கூப்பிட்டார். "தகட்டைத் திரும்பப் பிரிக்கற மாதிரி ஒட்ட முடியுமா?"

"பிரிக்கறதுக்காக ஒட்டறதா? எனக்கு அந்தப் பழக்கம் இல்லை சார். அதுவும் இல்லாம, பொறி பறந்தா இந்தச் சட்டை வீணாயிடும். நாளைக்கு ஒரு கல்யாண ஜோடி படம் எடுக்க வர்றாங்க." பிறகு அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "ரப்பர் வெச்சு போல்ட்டு போட்டு முடுக்கலாம். ஒழுகாது."

அப்படியே செய்தார்கள். திரும்ப எடுக்கக்கூடிய மாற்றத்துக்கு ஆலோசகர் கையெழுத்துப் போட்டார். படகை நகர்த்துவது பற்றிக் கேள்வி வந்தது. மரபுச் சொத்தின் எல்லைக்குள்ளேயே நகர்த்தினால் நீக்கியதாகாது என்று அப்படியே சாரே ஒரு விளக்கம் எழுதினார். எல்லை நடு ஆறு வரை இருந்தது. நடு ஆற்றில் வரிசையாகச் சிவப்பு மிதவைகளைக் கட்டி அந்த எல்லையையும் குறித்துவைத்தார்கள்.

மிதவைச் சோதனை நடந்த அன்று செயலாளர் விடுப்பில் இருந்தார். அந்த நாளை அப்படியே சார் தேடிப்பிடித்துத் தேர்ந்தெடுத்திருந்தார். மனைவிக்கு முன்கூட்டியே போன் செய்தார். "பெட்டியை எடுத்துக்கிட்டுத் துறைக்கு வந்துடு," என்றார். அதற்குமேல் போனில் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை.

படகு தண்ணீரில் இறங்கியது. ஒழுகவில்லை. படகோட்டி, வெல்டர், அப்படியே சார், மூன்று பேர்தான். ஆற்றின் பாதியில் சிவப்பு மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டி அக்கரைத் துறை நன்றாகத் தெரிந்தது. மனைவி நீலப் புடவையில், காலடியில் பெட்டியோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாதி ஊர் மூட்டை முடிச்சுகளோடு நின்றது. அவள் கையை உயர்த்தினாள்.

படகோட்டி எஞ்சினைத் தணித்தார். "போகட்டுமா சார்?"

அலுவலகத்து ஆள் யாரும் பார்க்கவில்லை. மிதவை வாய் திறந்து சொல்லப்போவதில்லை. அப்படியே சார் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய வாக்கியம் முழுசாக அவர் நினைவுக்கு வந்தது. நடு ஆறு வரை. கண் கலங்க எழுதிய வாக்கியம், ஒரு சந்து பொந்து இல்லாத வாக்கியம். எழுதியவனே அதைத் தாண்டிவிட்டால் பிறகு அந்த வாக்கியத்துக்கு நாதி ஏது?

"திருப்புங்க," என்றார்.

படகு வளைந்து திரும்பியது. திரும்பும்போது அவர் மனைவியைப் பார்த்துக் கையாட்டினார். கரை சேர்வதற்குள் போன் வந்துவிட்டது.

"எதுக்குக் கையாட்டினீங்க?"

"உன்னைப் பார்த்துட்டேன்னு..."

"நானும் பார்த்தேன். சரி, நீங்க அப்படியே இருங்க." போன் துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு நெடுநாள் அவள் பேசவில்லை. அவருக்கு அழுகை வந்தது. வெல்டர் பார்க்கிறாரே என்று, கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டார்.

இந்தச் செய்தி ஆலோசகர் காதுக்குப் போனது. அவர் துள்ளிக் குதிக்காத குறை.

"பாதி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தீங்களா? போய்ச் சேரவே இல்லையா? சார், இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? போய்ச் சேரணும்கிறதே பழைய மனப்பான்மை. இப்பல்லாம் யாரும் எங்கேயும் போய்ச் சேர விரும்பறதில்லை."

'பாதி ஆற்றுப் பயணம்' தொடங்கியது. படகுதான் ஓடுகிறதே என்று அப்படியே சார் விலக்கைக் கேட்டபோது, "பாதி ஓடினது ஓடினதாகாது," என்று சொல்லிவிட்டார் செயலாளர். டிக்கெட் ஒன்று எடுத்தால் சிவப்பு மிதவை வரைக்கும் போகலாம். அங்கே படகு கொஞ்ச நேரம் நிற்கும். அக்கரையைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு திரும்பும்போது காபி கொடுப்பார்கள். முதலில் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்கள் படம் எடுத்துப் போட்டதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் வந்தார்கள். முன்பு சும்மா வந்து துணி காயப்போட்டவர்கள் இப்போது டிக்கெட் எடுத்து வந்து, காய்ந்த துணிக்கு எண் அடித்திருப்பதைப் பார்த்து வியந்துவிட்டுப் போனார்கள். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், அக்கரையில் இருக்கும் தன் அண்ணனைப் பார்க்க முடியவில்லை என்று வாரம் தவறாமல் மனு கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் குடும்பத்தோடு வந்து போனார். மிதவைக்குப் பக்கத்தில் நின்று அண்ணன் வீட்டு மாடியைப் படம் எடுத்ததாகச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் அக்கரையிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. முழுப் படகும் வேண்டும், முழு ஆறும் வேண்டும் என்று கேட்பார்கள் என்று செயலாளர் பதில்கூட எழுதி வைத்திருந்தார். அவர்கள் அதைக் கேட்கவில்லை. 'எங்கள் கரையிலும் இதே போன்ற பாதி ஆற்றுப் பயணம் தொடங்க வேண்டும், எங்களுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?' என்று கேட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து தலைமையாசிரியையுடையது.

அப்படியே சார் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மெதுவாகப் புரிந்தது. அங்கிருந்து ஒரு படகு நடு ஆறு வரை வரும். இங்கிருந்து ஒரு படகு நடு ஆறு வரை போகும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒட்டி நின்றால், நடுவில் ஒரு பலகை போட்டால்? எந்தப் படகும் எல்லை தாண்டவில்லை. எந்த வாக்கியமும் மீறப்படவில்லை. தன் வாக்கியத்தில் ஒரு சந்து இருந்ததை மனைவிதான் கண்டுபிடித்திருக்கிறாள் என்று நினைத்தபோது, இத்தனை வருடத்தில் அவள்மேல் இல்லாத காதல் அவருக்கு வந்தது.

அதன் பிறகு அவர் உழைத்த உழைப்பை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதில்லை. அக்கரையில் இடிந்து கிடந்த ஓர் உப்புக் கிடங்கை மரபுச் சொத்தாக்கப் பரிந்துரை எழுதினார். ஒரு பழைய படகைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார். பலகைக்குப் 'பலகை' என்று பெயர் வைத்தால் கிடைக்காது என்று தெரிந்து, 'இரு மரபுச் சொத்துகளுக்கிடையேயான தற்காலிகத் தொடர்புச் சாதனம்' என்று எழுதினார். பலகை எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்ற கேள்வியில் அது மாதக்கணக்கில் நின்றது. கடைசியில் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பாதிக்கு இந்த மாவட்டமும் அந்தப் பாதிக்கு அந்த மாவட்டமும் வர்ணம் அடிப்பது என்று தீர்ந்தது.

திறப்பு விழா அன்று இரண்டு கரையிலிருந்தும் படகுகள் நிரம்பி வழிந்தன. நடு ஆற்றில் இரண்டும் ஒட்டி நின்றன. பலகை போடப்பட்டது. செயலாளர் ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்படியே சார் எட்டிப் பார்த்தார். நீலப் புடவை, கையில் பெட்டி. அவர் மனைவி பலகையில் ஏறினாள். கோட்டைத் தாண்டினாள். அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கினாள்.

"மெலிஞ்சிட்டீங்க," என்றாள்.

"சாதம் குழையுது," என்றார் அவர். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பிறகு இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பலகையில் வேறு யாரும் ஏறவில்லை. இந்தப் படகுக்காரர்கள் அந்தப் படகைப் படம் எடுத்தார்கள். அந்தப் படகுக்காரர்கள் இந்தப் படகைப் படம் எடுத்தார்கள்.

"வாங்க, தாண்டுங்க! அதுக்குத்தானே இவ்வளவும்!" என்று தலைமையாசிரியை குரல் கொடுத்தாள்.

பலசரக்குக் கடைக்காரர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். அவருடைய அண்ணன் எதிர்ப் படகிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். "எதுக்கு டீச்சர்? டிக்கெட்டுல திரும்பறதும் சேர்ந்திருக்கு. அதை விட்டுட்டு அந்தப் பக்கம் இறங்கினா, வெறும் ஊருதானே?" என்றார். அண்ணனும் தலையாட்டினார். "தம்பி, சிரிடா," என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. படகு நின்றுபோன இத்தனை மாதத்தில், அக்கரையில் வேலை இருந்தவர்கள் வேலையை விட்டிருந்தார்கள். சொந்தம் இருந்தவர்கள் சொந்தத்தை விட்டிருந்தார்கள். விட முடியாதவர்கள் வீடு மாறியிருந்தார்கள். மற்றவர்களுக்கு ஆற்றைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது. ஆலோசகர் மட்டும் தலைமையாசிரியை பலகையைக் கடந்ததைக் கண்டு உருகிப்போய், "எவ்வளவு நல்ல நிகழ்த்துகலை! தினமும் பண்ணுவாங்களா?" என்று விசாரித்தார்.

தினமும்தான் செய்தாள். காலையில் பலகை ஏறிப் பள்ளிக்கூடம் போனாள், மாலையில் பலகை ஏறி வீடு வந்தாள். சாதம் உதிரியாக வந்தது. அப்படியே சார் அலுவலகத்தில் ஒருநாள் தன்னை மறந்து, "அந்த மின்விசிறியைச் சரி பண்ணிடுங்க," என்று சொல்லிவிட்டார். ஊழியர்கள் பயந்துபோனார்கள்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் செயலாளர் கேட்டார்: "தொடர்புச் சாதனத்தை எத்தனை பேர் பயன்படுத்தறாங்க?"

அப்படியே சாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஒருத்தர் சார்."

"யாரு?"

"என் மனைவி சார்."

"ஒருத்தர் பொதுமக்கள் ஆக மாட்டாங்களே. அதுவும் அலுவலரோட மனைவி." செயலாளர் வருத்தத்தோடு தலையசைத்தார். "ஆத்தைக் கடக்கணும்னு மக்கள் ஆசைப்படலைன்னு இப்ப ஆதாரத்தோட தெரிஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமையோட பலகையை எடுத்துடுங்க. யாராவது தவறி விழுந்தா நமக்குத்தான் கெட்ட பேரு. நீங்களே ஆணை எழுதிடுங்க, உங்க கையெழுத்து நல்லா இருக்கும்."

எழுதினார். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி சண்டை போடவில்லை. பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நானும் வந்துடறேன்," என்றார். மடித்த புடவையோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆபீஸ்?"

"போனாப் போகட்டும்."

அவள் நம்பினாளா என்று தெரியாது. ஆனால் அவருடைய சட்டைகளில் இரண்டை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை படகில் கூட்டம் நெரிந்தது. கடைசிக் கடப்பு என்று ஆலோசகர் விளம்பரம் செய்திருந்தார். நடு ஆற்றில் படகுகள் ஒட்டின. பலகை விழுந்தது. அவள் பெட்டியோடு ஏறி, கோட்டைத் தாண்டி, அந்தப் பாதியில் நின்று திரும்பினாள்.

"வாங்க," என்றாள். கையை நீட்டினாள்.

அப்படியே சார் ஒரு காலைப் பலகையில் வைத்தார். சட்டைப் பையில் டிக்கெட் உறுத்தியது. படகில் ஏறும்போது எல்லோரும் எடுத்தார்களே என்று அவரும் எடுத்திருந்தார். பின்னாலிருந்து பலசரக்குக் கடைக்காரர் அக்கறையோடு சொன்னார்: "சார், யோசிச்சு வைங்க காலை. பாதிதான் வந்திருக்கோம். காபிகூட இன்னும் கொடுக்கலை."

அவர் பலகையைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து, அதில் அச்சடித்திருந்ததை அவளுக்குத் தெரியும்படிக் காட்டினார்.

"இல்லம்மா... ரிட்டர்ன் எடுத்துட்டேன்."

அவள் கையை இறக்கிக்கொண்டாள். பலகையை எடுத்தார்கள். இரண்டு படகிலும் எல்லோரும் கையாட்டினார்கள், அவரும் ஆட்டினார். திரும்பும் வழியில் நட்டு டப்பாக் கோப்பையில் காபி வந்தது. இன்றைக்குக் காபி நன்றாக இருக்கிறது என்று படகில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். அப்படியே சாரும் சொன்னார்.